பந்தல் முதல் பெலாமின் வரை: பண்டமாரானில் நம் கல்யாணங்கள்

சென்ற ஆண்டு என் தங்கையின் கல்யாணப் பேச்சு முடிந்த வாரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓர் அட்டை வந்து சாய்ந்தது. தங்கையே தயாரித்தது. மங்கிய ரோஜா, சாம்பல் கலந்த பச்சை, வெள்ளை, தங்கம் என்று நான்கு துணித் துண்டுகளை அதில் ஒட்டியிருந்தாள். மேடை, மேசை விரிப்பு, அழைப்பிதழ், இரண்டு வீட்டாரின் உடுப்பு எல்லாம் இந்த நான்கு நிறத்துக்குள் அடங்க வேண்டுமாம். கல்யாண அலங்காரச் சாமான் விற்பது என் தொழில் என்பதால் பொறுப்பு முழுவதும் என் தலையில் விழுந்தது. ஒரு மணி நேரம் நிறங்களைப் பற்றியே பேசினோம். ஓரமாக உட்கார்ந்து தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த நன்னி கடைசியில் வாய் திறந்தார்கள்: "சாயத்தப் பத்தியே பேசுறீங்களே வாப்பா, கருகமணிய யாரு கட்டுறது?"

யாரும் பதில் சொல்லவில்லை. அத்தா எழுந்து அஸர் தொழப் போய்விட்டார்கள்.

மலர்க் குழுவினர் நம் சமூகத்தின் கல்யாணங்களைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டபோது எனக்கு அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. நான் வரலாறு படித்தவன் அல்லன். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு வியாபாரத்துக்கு வந்தவன். ஆனால் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் கிடந்த பழைய அழைப்பிதழ்களையும் படங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, சங்கத்துப் பெரியவர்கள் சிலரோடு உட்கார்ந்தேன். தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பாட்டன்மார் காலத்தில் பண்டமாரானில் கல்யாணமே நடக்கவில்லை. அவர்கள் கல்யாணமெல்லாம் ஊரில்.

போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901-இல் திறக்கப்பட்டது. 1972-இல் அதன் பெயர் போர்ட் கிள்ளான் ஆயிற்று. இராமநாதபுரம், தஞ்சாவூர்க் கடற்கரை ஊர்களிலிருந்து நம்மவர்கள் இந்தத் துறைமுகத்தைச் சுற்றிச் சாப்பாட்டுக் கடை, துணிக்கடை, சில்லறைக் கடை, பணமாற்று என்று தொழில் வைத்தார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கடையின் மேல்மாடியில் பாய் விரித்துப் பத்துப் பேர் படுப்பார்கள். இரண்டு மூன்று வருடம் சேர்த்துவிட்டு ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்து, சில மாதம் இருந்துவிட்டுத் திரும்புவார்கள். பிறந்த பிள்ளையின் முகத்தை அடுத்த பயணத்தில்தான் பார்ப்பார்கள்.

அந்தப் பயணத்தின் பெயர் ராஜுலா. 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்ற தடத்தில் 1973 வரை ஓடியது. அதற்குப் பின் எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் தீப்பிடித்ததோடு இந்தத் தடத்தில் பயணிகள் கப்பலே நின்றுபோனது. எங்கள் நன்னா (மர்ஹூம்) மாப்பிள்ளையாக ஊருக்குப் போனதும் ராஜுலாவில்தான். கீழ்த்தளத்தில் பாய் போட்டுப் போயிருக்கிறார்கள். பெட்டியில் என்ன இருந்தது என்று நன்னிக்கு இன்றும் மனப்பாடம்: அத்தர், கைலி, துண்டு, குடை, மைலோ டின், பிஸ்கட் டின், பெண்ணுக்கு இரண்டு சேலை. கல்யாணத் திட்டம் என்பது அப்போது அந்தப் பெட்டிதான். மற்றதையெல்லாம் ஊர் பார்த்துக்கொண்டது.

ஊர் என்றால் ஜமாஅத். பந்தக்கால் நடுவது, தென்னங்கீற்றுப் பந்தல் போடுவது, பந்தலின் உட்புறம் வெள்ளை கட்டுவது, பெட்ரோமாக்ஸ் விளக்கு ஏற்பாடு செய்வது எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. மாப்பிள்ளை முகத்தில் மல்லிகைச் சேரா தொங்கவிட்டு, பைத் பாடி ஊர்வலமாக அழைத்து வருவார்கள். நிகாஹ் தப்தரில் கையெழுத்து முடிந்ததும் பெண்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் சகோதரி கருகமணி கட்டுவார். சாப்பாடு சஹனில். ஐந்து பேர் ஒரு தட்டைச் சுற்றி உட்கார்ந்தால் அதில் முதலாளியும் இருப்பார், மூட்டை தூக்குபவரும் இருப்பார். நன்னிக்கு அப்போது வயது 16. (2018-இல் சிலாங்கூரில் பெண்ணுக்கும் திருமண வயது 18 என்று சட்டம் திருத்தப்பட்டது. அந்தக் கணக்கில் எங்கள் நன்னியின் கல்யாணத்துக்கு இன்று நீதிமன்ற அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.)

இந்த ஊர்க் கல்யாணம் பண்டமாரானுக்கு எப்படி வந்தது? யாரும் ஆசைப்பட்டுக் கொண்டுவரவில்லை. குடிநுழைவுச் சட்டம் கொண்டுவந்தது. 1953-இல் வெளியிலிருந்து வருவோருக்குக் கட்டுப்பாடு வந்தது. 1959-இல் மனைவி மக்களை அழைப்பதிலும் நிபந்தனைகள் இறுகின. போய்வந்து பிழைத்த காலம் முடிந்தது. ஒன்று குடும்பத்தை இங்கே அழைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் ஊரோடு போய்ச் சேர வேண்டும். நன்னா அழைத்துக்கொண்டார்கள். அப்படி வந்த தாய்மார்கள் இங்கே பெற்ற பிள்ளைகள் 1970-களின் கடைசியிலும் 80-களிலும் கல்யாண வயதுக்கு வந்தார்கள். நம் சங்கத்தின் தொடக்க ஆண்டுகளும் அவைதாம். ஊரில் ஜமாஅத் செய்த வேலையை இங்கே செய்ய ஆள் வேண்டியிருந்தது. சங்கம் எதற்காகத் தொடங்கியது என்று கேட்டால் பெரியவர்கள் கல்வி, ஒற்றுமை என்று அழகாகச் சொல்வார்கள். நான் கேட்டவரையில், கல்யாணமும் மையித்தும் முக்கியமான காரணங்கள்.

பண்டமாரான் அவசரகாலத்தில் (1948–1960) உருவான புதுக்கிராமம். பலகை வீடு, துத்தநாகக் கூரை, நெருக்கமான சந்துகள். அக்கம்பக்கம் பெரும்பாலும் சீனர்கள். அங்கே ஒரு கல்யாணம் என்றால் சந்து முழுவதற்கும் வேலை. தார்ப்பாய் கட்ட ஒரு பக்கத்துக் கம்பம் சீனர் வீட்டுத் தூணாக இருக்கும். மேசை நாற்காலி அவர்கள் தருவார்கள். சட்டி பானை மட்டும் நம்முடையது. அதனால்தான் சங்கம் தேக்சா வாங்கியது. பெரிய செம்புத் தேக்சா நான்கு, அகப்பைகள், சஹன் தட்டுகள், பாய்கள். உறுப்பினர் வீட்டுக் கல்யாணத்துக்கு வாடகை கிடையாது. கழுவித் திருப்பித் தந்தால் போதும்.

முதல் நாள் இரவுதான் உண்மையான கல்யாணம் என்று அம்மா சொல்வார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள். ஆண்கள் ஆடு உரித்துத் துண்டு போடுவார்கள். இளவட்டங்கள் வண்ணக் கிரேப் தாளை முறுக்கித் தோரணம் கட்டுவார்கள். அவர்களில் பாதிப் பேர் அடுத்த கல்யாணத்தின் மாப்பிள்ளைகள். விடிய விடிய அடுப்பு எரியும். நெய்ச்சோறு, இறைச்சி, தாளிச்சா. பூவுக்கு மட்டும் கிள்ளான் தெங்கு கெலானா சாலைக்கு ஆள் போவார். மாலை கட்டித் தருபவர் இந்துவாக இருப்பார்; சேராவுக்கு எத்தனை சரம், எவ்வளவு நீளம் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெலாமின் எப்போது வந்தது என்று படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். அம்மாவின் கல்யாணப் படத்தில் பின்னால் தொங்குவது ஒரு பட்டுச் சேலை. கீழே இரண்டு மர நாற்காலிகள், சுவரில் ஒட்டிய ஜிகினாத் தாள். சில ஆண்டுகள் கழித்து நடந்த சின்னம்மாவின் படத்தில் மூன்று படி வைத்த மேடை, இருபுறமும் புங்கா மங்கார், முன்னால் புங்கா தெலோர் முட்டைகள். கம்பத்து மலாய்க்காரத் தோழி ஒருத்தி தன் கல்யாணத்துக்குச் செய்த மேடையை அப்படியே லோரியில் ஏற்றி அனுப்பிவைத்தாளாம். அந்த ஒரு லோரியில்தான் எங்கள் வீட்டுக்குப் பெலாமின் வந்தது.

இதைச் சிலர் நம் அடையாளம் கரைந்துபோகிறது என்று வருத்தமாகப் பேசுவார்கள். எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. மலாய்க்காரர்கள் மணமக்களை அழைக்கும் 'மெம்பெலாய்' என்ற சொல் நம் மாப்பிள்ளைதான். 'காத்தில்' நம் கட்டில். 'மஹ்லிகை' நம் மாளிகை. அவர்கள் விருந்துக்குச் சொல்லும் 'கெண்டுரி'யும் நாகூரில் நாம் எடுக்கும் கந்தூரியும் ஒரே பாரசீகச் சொல்லிலிருந்து வந்தவை. கப்பலேறிய நம் முன்னோர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மாப்பிள்ளையை இங்கே இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பெலாமின் திரும்பி வருவதில் என்ன வியப்பு? 17-ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் நபிகளாரின் திருமணத்தைப் பாடும்போது மக்கா நகரையே தமிழ்நாட்டுக் கல்யாண ஊர்போல அலங்கரித்துக் காட்டினார். இருக்கும் இடத்தின் அலங்காரத்தை எடுத்துக்கொள்வது நமக்குப் பழகிய வேலை.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். அதற்கு முன் பணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை.

ஊரில் பெண் வீட்டார் கைக்கூலி கொடுத்தார்கள். மார்க்கத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்கு மஹர் கொடுக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. அது தப்தரில் சிறிய தொகையாக எழுதப்படும், கைக்கூலி எழுதப்படாமலே பெரிய தொகையாகக் கைமாறும். இந்த நாட்டில் மலாய் வழக்கம் தலைகீழ். மாப்பிள்ளை வீட்டார்தான் ஹந்தாரான் பணம் தருவார்கள். சிலாங்கூரில் மஸ் காவின் என்னும் மஹர் முன்பு 80 வெள்ளியாக இருந்து பின்னர் 300 வெள்ளி ஆனது. ஜொகூரில் நெடுங்காலம் 22 வெள்ளி 50 காசுதான். ஆனால் ஹந்தாரான் என்று பேசும்போது 10,000, 15,000 என்று போகிறது. இங்கே பிறந்த நம் பெண்களுக்கு இந்த மாற்றம் ஒரு வகையில் நன்மை செய்தது. கைக்கூலி கேட்க வாய் கூசுகிற நிலைமை வந்தது. அதே சமயம் இரண்டு வழக்கத்தின் செலவையும் சேர்த்துச் செய்கிற வீடுகளையும் பார்க்கிறேன். ஊர் முறைப்படி நகை, சீர். மலாய் முறைப்படி தாம்பாளங்கள். மாப்பிள்ளை வீட்டார் ஐந்து தட்டு வைத்தால் பெண் வீட்டார் ஏழு தட்டு வைக்க வேண்டும். கடைக்காரன் நான் இப்படி எழுதக் கூடாது. தட்டு விற்பவனே நான்தான்.

1952-இல் சிலாங்கூரில் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம், 1984-இல் குடும்பச் சட்டம், 2003-இல் அதன் புதிய வடிவம் என்று வர வர, நிகாஹ் ஜமாஅத்தின் கையிலிருந்து அரசு அலுவலகத்துக்குப் போனது. கல்யாணத்துக்கு முந்திய வகுப்பு, எச்.ஐ.வி. பரிசோதனை, அனுமதிப் படிவம், பதிவு. இதனால் ஏமாற்றுக் கல்யாணங்கள் குறைந்தன, பெண்ணின் கையில் சட்டப்படியான அத்தாட்சி இருக்கிறது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஹஜ்ரத் தமிழில் ஓதிய துஆவுக்கு இடம் சுருங்கியது. மாப்பிள்ளை மலாயில் ஏற்றுக்கொள்கிறார், ஜுருநிகாஹ் மலாயில் அறிவுரை சொல்கிறார். முன்வரிசையில் இருக்கும் நன்னிமார்களுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று யாராவது காதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

1990-களில் கல்யாணங்கள் சந்திலிருந்து மண்டபத்துக்குப் போயின. தாமான் வீடுகளில் அடுப்பு மூட்ட இடமில்லை. ஆளுக்கு இத்தனை வெள்ளி என்று சமையல்காரர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பிறகு பேக்கேஜ் வந்தது: மண்டபம், சாப்பாடு, பெலாமின், ஒலிபெருக்கி, படம் எல்லாம் ஒரே கையெழுத்தில். நீலாய் 3-இலும் ஜிஎம் கிள்ளானிலும் மொத்த விலையில் துணிப்பூ கிடைக்கத் தொடங்கியதும் மல்லிகை போய் ஹைட்ரேஞ்சியா வந்தது. துணிப்பூ வாடாது, பத்துக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம். நிறப் பொருத்தம் என்ற ஆசையே அதற்குப் பிறகுதான் பரவியது. இயற்கைப் பூவில் சாம்பல் பச்சைக்கு எங்கே போவது?

சங்கத்தின் நான்கு தேக்சாக்களும் பின்னறையில் கவிழ்த்துக் கிடந்தன. என் வருத்தம் அதுதான். பெலாமினின் நிறத்தால் எதுவும் போகவில்லை. வெங்காயம் உரித்த அந்த இரவு போய்விட்டது. அந்த இரவில்தான் யார் வீட்டில் கஷ்டம், யாருக்கு வேலை இல்லை, யார் மகளுக்கு வரன் தேட வேண்டும் என்பதெல்லாம் பேசப்பட்டது. இப்போது மண்டபத்தில் பாட்டுச் சத்தத்தில் சலாம் சொல்வதே காதில் விழுவதில்லை. பஃபே வரிசையில் தட்டோடு நின்று, கிடைத்த மேசையில் உட்கார்ந்து, படம் எடுத்து, புறப்படுகிறோம்.

என் கல்யாணத்துக்கு மண்டபமே இல்லை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. எங்கள் தேதி அதற்குள் மாட்டியது. 600 அழைப்பிதழ்கள் வீணாயின. பிறகு அனுமதி கிடைத்தபோது இரு வீட்டாரிலும் கைவிட்டு எண்ணும் ஆட்கள். கையுறை போட்டுக்கொண்டு ஜுருநிகாஹின் கையைப் பிடித்தேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. வலீ இருந்தார், இரண்டு சாட்சிகள் இருந்தார்கள், மஹர் இருந்தது. வேறு ஒன்றும் தேவைப்படவில்லை. அலங்காரம் விற்பவனின் கல்யாணத்தில் ஒரு பூ இல்லை. அன்று மாலை அம்மா சமைத்த பிரியாணியைப் பொட்டலம் கட்டி வாசல் வாசலாக நானே கொண்டுபோய் வைத்தேன். ஒரு வீட்டில் கதவைத் திறக்காமலே ஜன்னல் வழியாக அழுதார்கள். அத்தாவின் பழைய கூட்டாளி அவர்.

ஆகவே தங்கையின் கல்யாணத்தை எப்படிச் செய்வது என்று பேசியபோது எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. அவள் நான்கு நிறம் அப்படியே இருக்கட்டும், ஆனால் வீட்டிலிருந்து ஏதாவது போக வேண்டும். நன்னாவின் கப்பல் பெட்டியைத் துருச் சுரண்டி, தாம்பாளங்கள் வைக்கும் மேசையாக்கினோம். அழைப்பிதழைப் பழைய முறையில் தமிழில் அடித்தோம்: மேலே பிஸ்மில்லாஹ், ஹிஜ்ரித் தேதி, நன்னாவின் பெயருக்குப் பக்கத்தில் அவர் ஊர்ப் பெயர். மறுபக்கம் மலாயில். மாப்பிள்ளையின் தாயார் மலாய்க்காரர் என்பதால் அதுவும் தேவைப்பட்டது. பெலாமின் பெண்கள் பக்கத்தில் மட்டும் வைத்தோம். அந்நிய ஆண்கள் முன்னால் மணப்பெண்ணைக் காட்சிக்கு வைப்பது கூடாது என்று உலமாக்கள் சொல்வதை அத்தா விட்டுக்கொடுக்கவில்லை.

கருகமணி மட்டும் பாக்கி. அத்தாவின் தரப்பில் நியாயம் இருந்தது. 80-களுக்குப் பிறகு தமிழ்நாட்டில் கைக்கூலியையும் இன்னும் பல சடங்குகளையும் எதிர்த்துக் கிளம்பிய பிரசாரங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். தாலியின் மறு வடிவம் இது என்பார்கள். நன்னியின் தரப்பு வேறு. ஊரை விட்டுக் கப்பலேறியபோது, தாய் கையால் தொட்டுப் பார்த்து அனுப்பிய ஒரே பொருள் கழுத்தில் கிடந்த அந்தக் கறுப்பு மணிதான். கடைசியில் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டோம். நிகாஹுக்கும் இதற்கும் தொடர்பில்லை, இது இல்லாவிட்டால் கல்யாணம் குறையும் என்று நம்பினால் தவறு, வெறும் நகையாகப் போடுவதென்றால் போடலாம் என்றார். அத்தா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நகையாத்தானே? போடட்டும்" என்றார்கள். அதை நன்னியிடம் போய்ச் சொன்னதும் அவர்களேதான்.

மாப்பிள்ளையின் அக்காவுக்குக் கருகமணி என்றால் என்னவென்று தெரியாது. எப்படி முடிச்சுப் போடுவது என்று மலாயில் கேட்டார். நன்னி தமிழில் பதில் சொன்னார்கள். எப்படியோ இருவருக்கும் புரிந்தது. கட்டியபோது தங்கை போட்டிருந்த சாம்பல் பச்சை உடுப்பில் கறுப்பு மணி கொஞ்சமும் பொருந்தவில்லை. அவள் அதைக் கழற்றவுமில்லை.

முதல் நாள் இரவுக்குச் சங்கத்தின் தேக்சாக்களைக் கேட்டு வாங்கினேன். உள்ளே ஈயம் போயிருந்தது; பூசாமல் சமைக்க முடியாது. ஈயத்தால் பணக்காரனான சிலாங்கூரில் பாத்திரத்துக்கு ஈயம் பூச ஓர் ஆள் கிடைக்கவில்லை. மூன்று வாரம் விசாரித்து, வேலையை விட்டுவிட்ட பெரியவர் ஒருவரைக் கண்டுபிடித்து, கையைப் பிடித்துக் கேட்டுப் பூச வைத்தோம். இரண்டுக்குத்தான் அவரால் முடிந்தது. அந்த இரண்டில் நெய்ச்சோறு வெந்தது. வெங்காயம் உரிக்க பதினெட்டுப் பேர் வந்தார்கள். அவர்களில் நான்கு பேரின் பெயரை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒருவர் எங்கள் பழைய சந்தின் பக்கத்து வீட்டுச் சீனர், அத்தாவின் வயது. தூணில் தார்ப்பாய் கட்டியதை நினைவுபடுத்திச் சிரித்தார்.

மீதி இரண்டு தேக்சாக்கள் இன்னும் பின்னறையில் இருக்கின்றன. ஈயம் பூசத் தெரிந்தவர் யாராவது இதைப் படித்தால் சங்கச் செயலாளரிடம் சொல்லுங்கள். ரஜப் மாதத்தில் இன்னொரு கல்யாணம் வருகிறது.